கம்பைச் சாத்தி வை, காலைப் பார்!

சிலம்பம் கற்க வரும் கல்லூரிப் பிள்ளைகள் படும் பாடு

திருவண்ணாமலை:

சிலம்பம் கற்றுக்கொள்ள வரும் கல்லூரி மாணவனிடம் ஆசான் முதலில் என்ன சொல்வார் தெரியுமா?

"கம்பை அந்தப் பக்கம் சாத்தி வை தம்பி!"

பாவம், பிள்ளை ஆசை ஆசையாக வந்திருக்கும். சினிமாவில் பார்த்திருக்கும். செல்போனில் யாரோ கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு கையிலும் கம்பு சுற்றுவதைப் பத்து தடவை பார்த்திருக்கும். கடையில் காசு கொடுத்துப் புதுக் கம்பு வேறு வாங்கி வந்திருக்கும். அது சுவர் ஓரம் போய்ச் சாய்ந்துகொள்கிறது. பிள்ளை வெறும் கையோடு மண்ணில் நிற்கிறது!

அன்று மட்டுமல்ல. இரண்டு வாரம், மூன்று வாரம் இதே கதைதான். "எப்ப சார் கம்பு தருவீங்க?" என்று கேட்டால், "கால் வரட்டும், கம்பு தானா வரும்" என்பதே பதில்.

எதற்காக வருகிறார்கள்?

அண்ணாமலையார் ஊரில் விடிவதற்கு முன்பே நடமாட்டம் உண்டு. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் எந்நேரமும் யாராவது நடந்துகொண்டிருப்பார்கள். மலைக்குப் பின்னால் வெளுக்கும் நேரத்தில், மைதான ஓரங்களிலும் காலி மனைகளிலும் "சர்... சர்..." என்று ஒரு சத்தம் கேட்கும். காற்றைக் கம்பு கிழிக்கிற சத்தம். இது காலை வகுப்பு. உள்ளூர்ப் பிள்ளைகளும், ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைகளும் இதற்கு வருவார்கள்.

சாயங்கால வகுப்பு வேறு மாதிரி. கல்லூரி விட்டு நேரே பையோடு வந்து நிற்பார்கள். செங்கம், போளூர், தண்டராம்பட்டு, வேட்டவலம், கீழ்பென்னாத்தூர் என்று பல பக்கத்திலிருந்தும் பஸ் ஏறி வந்து படிக்கிற கூட்டம் இது. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இதில் ஏராளம். இவர்களுக்கு ஒரு கண் கம்பில், ஒரு கண் கைக்கடிகாரத்தில். ஊருக்குப் போகிற கடைசி பஸ்ஸை விட்டால் கதை கந்தல்!

ஏன் இப்படி ஓடி வருகிறார்கள்? வீரம், பாரம்பரியம் என்று மேடையில் பேசலாம். உள்ளபடி சொன்னால் பல வீடுகளில் காரணம் வேறு.

தமிழக அரசு வேலைவாய்ப்பில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த விளையாட்டுப் பட்டியலில் சிலம்பத்தையும் சேர்த்துவிட்டார்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளிலும் சிலம்பம் உண்டு. 2024-ல் அந்தப் போட்டியில் மாநில அளவில் தனிநபர் பிரிவில் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய், இரண்டாவது பரிசு 75 ஆயிரம், மூன்றாவது பரிசு 50 ஆயிரம். அதே ஆண்டு ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய 4 நகரங்களில் நடந்த 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. வேலு நாச்சியார்தான் அந்தப் போட்டிக்கே சின்னம்.

அவ்வளவுதான். "படிப்போட இதையும் கத்துக்கடா, நாளைக்கு உதவும்" என்று அப்பாவே கையைப் பிடித்து அழைத்து வந்து விடுகிறார். ஒரு காலத்தில் "குச்சி சுத்தினா சோறு வருமா?" என்று விரட்டினவர்கள், இப்போது கம்புக்குக் காசு கொடுக்கிறார்கள்!

முதல் நாள்

சேருகிற முறை எளிது. வெற்றிலை, பாக்கு, பழம், முடிந்த தட்சணை. விஜயதசமி அன்று புதுப்பிள்ளைகள் கூட்டம் கூடுதலாக இருக்கும். மற்ற நாளில் வந்தாலும் யாரும் திருப்பி அனுப்புவதில்லை.

செருப்பைக் கழற்ற வேண்டும். மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் பைக்குள் போக வேண்டும். பெண் பிள்ளைகள் துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஆசானுக்கு ஒரு வணக்கம்.

அடுத்தது காலடி. தரையில் முக்கோணமாகவோ சதுரமாகவோ கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டின் முனைகளில் கால் மாறி மாறி விழ வேண்டும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பக்கவாட்டில் திரும்பி ஒன்று. முட்டி லேசாக மடங்கியிருக்க வேண்டும். குதிகாலில் பாரம் இறங்கக் கூடாது.

பார்க்கிறவர்களுக்கு இது விளையாட்டுப் போலத் தோன்றும். பத்து நிமிடம் செய்துபார்த்தால் தொடை நடுங்கும். மறுநாள் காலை வகுப்பறைக்கு மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் "அம்மா" என்று வரும்.

கம்புச் சண்டையில் கம்புக்கு முன்னால் காலுக்கு ஏன் இத்தனை மரியாதை? காரணம் இருக்கிறது. சுழல்கிற கம்பின் வேகம் முழுவதும் நுனியில். எதிராளியின் நுனி எட்டுகிற தூரத்தில் நின்றால் அடி நிச்சயம். அரை அடி பின்னால் போனால் கம்பு காற்றை அடித்துவிட்டுப் போய்விடும். ஒரே எட்டில் உள்ளே புகுந்துவிட்டால் நுனியின் வேகம் நம்மைத் தொடாது. அந்த அரை அடியைக் கொடுப்பது கைதானா? இல்லை, கால். கால் தடுமாறுகிறவன் கையில் எவ்வளவு நல்ல கம்பு இருந்தாலும் அது வேலிக்குச்சிதான்!

சின்னப்பிள்ளை வாத்தியார்!

இதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. அதுதான் பல கல்லூரி வாலிபர்களை விரட்டிவிடுகிறது.

சிலம்ப வகுப்பில் வயது வரிசை கிடையாது. யார் முன்னால் சேர்ந்தார்களோ அவர்களே மூத்தவர்கள். ஆசானுக்குக் கை ஓயாத நேரத்தில், புதிதாக வந்தவரைப் பழைய பிள்ளையிடம் ஒப்படைப்பார். அந்தப் பழைய பிள்ளை ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பாப்பாவாக இருக்கும்!

மீசை முளைத்த பி.காம். மாணவன் ஒரு பக்கம். இரட்டைச் சடை போட்ட பாப்பா மறு பக்கம். "அண்ணா, மணிக்கட்டைத் திருப்புங்க. தோளைத் தூக்காதீங்க. ஐயோ, தப்பு அண்ணா!" என்று அது அதட்டும். சுற்றி நிற்கிற பொடிசுகள் களுக்கென்று சிரிக்கும். மானம் போகிற மாதிரி இருக்கும்.

மறுநாள் வருகிறானா, வரவில்லையா? அதுதான் கேள்வி. கையில் காப்புக் காய்த்து நின்றவர்களைவிட, இந்தச் சிரிப்புக்குப் பயந்து நின்றவர்கள் அதிகமாக இருக்கும் போல. அந்தப் பாப்பா ஆறு வயதில் ஆரம்பித்தது. பயம் தெரியாத வயது. விழுந்தாலும் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்ளும். பதினெட்டு வயதில் வருகிறவனுக்கு உடம்பு வளைவதற்கு முன்னால் மனசு வளைய வேண்டியிருக்கிறது. இது கொஞ்சம் கஷ்டமான சங்கதிதான்.

கம்பு வரும் நாள்

ஒரு வழியாகக் கம்பு கைக்கு வருகிறது. அதற்கும் அளவு உண்டு. நேராக நின்றால் தரையிலிருந்து புருவ மத்தி வரை, அல்லது நெற்றி வரை வர வேண்டும். அதனால் அண்ணன் கம்பு தம்பிக்கு ஆகாது. கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவர்கள் இங்கேதான் விழிப்பார்கள்.

மூங்கில் கம்பும் உண்டு, பிரம்பும் உண்டு. கணு நெருக்கமாக, கனம் ஒரே சீராக, வளைவில்லாமல் இருக்க வேண்டும். வளைவு இருந்தால் நெருப்பு அனலில் வாட்டி நிமிர்த்துவார்கள். தண்ணீரில் ஊறப்போட்டுப் பக்குவப்படுத்துவது பழைய வழக்கம். காய்ந்து வெடித்த கம்பைக் கையில் எடுக்கவே கூடாது. சிலாம்பு ஏறினால் ஒரு வாரம் பேனா பிடிக்க முடியாது!

புதிதாகப் பிடிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு, கம்பை இறுக்கிப் பிடிப்பது. கீழே விழுந்துவிடுமோ என்ற பயம். இறுக்கினால் மணிக்கட்டு சுழலாது. மணிக்கட்டு சுழலாவிட்டால் கம்பு சுழலாது. முழங்கையை வைத்து இழுக்க வேண்டி வரும். அப்போது கம்பு திரும்பி வந்து சொந்தக்காரன் காதிலேயே "டொக்" என்று போடும்.

இன்னொரு தவறு, சுற்றுகிற கம்பையே பார்த்துக்கொண்டிருப்பது. பார்வை எதிரே இருக்க வேண்டும். சைக்கிள் ஓட்டப் பழகுகிறவன் பெடலைப் பார்த்தால் என்ன ஆகுமோ, அதுவே இங்கும் ஆகும்.

முதல் வாரத்தில் கட்டை விரல் இடுக்கில் கொப்புளம் எழும்பும். கணுக்காலில் நீலம் பாயும். வீட்டில் அம்மா பார்த்துவிட்டு, "படிக்கத்தானே அனுப்பினோம்?" என்று ஒரு பாட்டம் தீர்ப்பார். கொப்புளம் உடைந்து, காய்ந்து, தோல் தடித்தபிறகு வலி நின்றுவிடும். பக்கத்தில் நிற்கிறவருக்கும் நமக்கும் நடுவில் இரண்டு கம்பு தூரம் இருக்க வேண்டும் என்பது கண்டிப்பான சட்டம். மண்டை உடைவது பெரும்பாலும் சண்டையில் அல்ல, இந்தச் சட்டத்தை மறந்து சுற்றும்போது!

டோக்கியோவில் நடந்தது

மண் தரையில் நடக்கிற கலை கல்லூரிக்குள் போனால் என்ன ஆகும்? இதற்கு ஜப்பானில் ஒரு உதாரணம் இருக்கிறது.

இன்று உலகம் முழுவதும் தெரிந்த கராத்தே, ஒரு காலத்தில் ஒக்கினாவா என்ற தீவுக்காரர்களின் கைச்சண்டை. ஃபுனகோஷி கிச்சின் என்ற பள்ளிக்கூட வாத்தியார் 1922-ல் அதை டோக்கியோவுக்குக் கொண்டுவந்து செய்துகாட்டினார். 1924-ல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே கழகம் தொடங்கியது. பல்கலைக்கழகம் ஒன்றில் தொடங்கிய முதல் கராத்தே கழகம் அதுதான். முதல் கறுப்பு பெல்ட்டுகளை அவர் கொடுத்ததும் அதே ஆண்டில்தான். பிறகு மற்றப் பல்கலைக்கழகங்களும் தொற்றிக்கொண்டன. படித்த பிள்ளைகள் கையில் போனதும், அது ஊர் ஊராக, நாடு நாடாகப் பரவியது.

நம் ஊருக்கு அது வந்த கதை எல்லாருக்கும் தெரியும். 1973-ல் புரூஸ் லீ நடித்த 'என்டர் தி டிராகன்' வந்தது. அதன் பிறகு சென்னையில் தொடங்கி மூலைக்கு மூலை கராத்தே வகுப்பு. வெள்ளைச் சட்டை, பெல்ட், "ஹூ... ஹா!" சத்தம். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான் 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு சுற்றித் தியேட்டரை அதிரவைத்திருந்தார். அவர் சுற்றியதற்கு விசில் அடித்த ஜனங்கள், பிள்ளைகளைக் கராத்தேக்கு அனுப்பினார்கள்!

கம்பு அப்போது கல்லூரி வாசலுக்கு வெளியேதான் நின்றது. திருவிழாவில், சாமி ஊர்வலத்தில், அரசியல் கட்சி மாநாட்டு வரவேற்பில் மட்டும் வெளியே வரும். திருவண்ணாமலை அரசு கலைக் கல்லூரி 1966-ல் தொடங்கியது. அன்று முதல் அங்கே படித்துப்போன எத்தனையோ பிள்ளைகளுக்குச் சிலம்பம் என்றால் வேடிக்கை பார்க்கிற பொருள். இன்றைக்குத்தான் அது விளையாட்டு என்ற பெயரோடு கல்லூரிப் பிள்ளைகளைத் தேடி வருகிறது.

இந்த மண்ணின் கதை

இத்தனைக்கும் சண்டைக்குப் புதிய ஊர் அல்ல இது. 1767 செப்டம்பரில் ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து கிழக்கிந்திய கம்பெனிப் படையோடு மோதியது முதலில் செங்கத்தில், பிறகு திருவண்ணாமலையில். கம்பெனிப் படை ஜெயித்தது.

அதற்கும் ஆயிரம் ஆண்டு முந்தைய சாட்சியும் உண்டு. செங்கம் வட்டாரத்தில் வயல் ஓரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிறைய. மாடு மீட்கப் போய் உயிர் விட்டவர்களுக்கு நட்ட கற்கள். தமிழக அரசின் தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனிப் புத்தகமே போட்டிருக்கிறது. எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவர் காலத்து நடுகல் ஒன்றில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்து, எஜமானன் பக்கத்திலேயே நின்றதாம். நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள்!

அந்தக் கற்களில் இருப்பவர்கள் கையில் வில்லும் வாளும்தான். கம்பு வயலில் மாடு ஓட்டினவன் ஆயுதம். அதற்குக் கல் நட யார் வருவார்கள்? பாம்பை அடித்ததும், நரியை விரட்டியதும், இராத்திரிக் காவலுக்குப் போனதும் அந்தக் கம்புதான்.

சர்டிபிகேட் ஜாக்கிரதை!

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது.

3 சதவீத ஒதுக்கீடு என்றதும், சிலம்ப வகுப்பில் சேர்ந்தாலே வேலை என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி அல்ல. சேர்ந்ததற்கு எந்த மதிப்பெண்ணும் கிடையாது. அரசு ஏற்றுக்கொண்ட போட்டியில் விளையாடி, பதக்கம் வாங்கியிருக்க வேண்டும். அதிலும் எந்த அளவுப் போட்டி, யார் நடத்தியது என்று பார்ப்பார்கள்.

சிலம்பத்துக்குச் சங்கங்கள் ஒன்று இரண்டு அல்ல. "தேசிய அளவு", "சர்வதேச அளவு" என்று பேனர் கட்டி, நுழைவுக் கட்டணம் வாங்கி, வந்தவர்கள் எல்லாருக்கும் மெடலும் பளபளப்பான சான்றிதழும் கொடுத்து அனுப்புகிற போட்டிகளும் நடக்கின்றன. பிள்ளை கழுத்தில் மெடலோடு போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டலாம். அதை வேலைக்கான மனுவோடு சேர்த்தால் செல்லுமா? பணம் கட்டுவதற்கு முன்னால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். கூச்சப்படத் தேவையில்லை. தறியில் நூல் கோர்த்தும், மூட்டை தூக்கியும் சம்பாதித்த காசு அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் காலடி பழகுகிறவன், ஆறு வயதில் தொடங்கியவர்களோடு போட்டியில் மோத வேண்டும். மூன்றாண்டுப் படிப்பு முடிவதற்குள் மாநிலப் பதக்கம் என்பது எல்லாருக்கும் நடக்கிற காரியமா? இதை நேராகச் சொல்லிவிடுகிற ஆசான்களும் இருக்கிறார்கள். சொன்னபிறகும் நிற்கிறவர்கள்தான் நிற்கிறார்கள்.

மாணவிகள் நிலைமை

பெண் பிள்ளைகள் கூட்டம் இப்போது கணிசம். சில வகுப்புகளில் பையன்களைவிட அதிகம். கையில் பலம் குறைவு என்பதெல்லாம் இதில் எடுபடாது. மணிக்கட்டு லாகவமும், தூரக் கணக்கும் போதும். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பல மாணவிகள் பையன்களை முந்திவிடுவதைப் பார்க்கலாம். காரணம், இவர்கள் கம்பை இறுக்கிப் பிடிப்பதில்லை!

ஆனால் இவர்களுக்குத் தடை மைதானத்தில் இல்லை. வீட்டில் இருக்கிறது, பஸ்ஸில் இருக்கிறது. சாயங்காலம் 6 மணிக்கு வகுப்பு முடிந்து, பஸ் நிலையம் போய், ஊர் போய்ச் சேர இருட்டிவிடும். "ஏன் லேட்டு?" என்று அப்பா கேட்பதற்கு முன்னால் எதிர் வீட்டுக்காரர் கேட்பார். அதனால் ஒரே பஸ் வழியில் இருக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துகொண்டு வருகிறார்கள். ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவளும் நின்றுவிடுகிறாள். கம்பில் தேறி வருகிற நேரத்தில் இப்படிக் காணாமல் போகிறவர்களைப் பற்றித்தான் ஆசான்மார்களுக்கு வருத்தம். கால் மணி நேரம் முன்னதாக வகுப்பை முடித்தால் பஸ் கிடைக்கும் என்றால், முடித்துவிடலாமே!

பௌர்ணமி வந்தால் வகுப்பு அவ்வளவுதான். ஊர் முழுக்க ஜனக்கூட்டம், காலியிடம் எல்லாம் வாகன நிறுத்தம். கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாளும் கேட்கவே வேண்டாம். அந்த நாட்களில் வீட்டு மாடியில், தென்னை மரத்தடியில் என்று அவரவர் இடத்தில் சுற்றிக்கொள்ள வேண்டியதுதான். மொட்டை மாடியில் சுற்றிப் பக்கத்து வீட்டு வடாமைக் காலி பண்ணியவர்களும் உண்டு.

முதல் தொடுமுறை

காலடி வந்து, வீச்சு வந்து, தட்டவும் தடுக்கவும் பழகியபிறகு ஒரு நாள் ஆசான், "நீயும் நீயும் வாங்க" என்று இரண்டு பேரை வட்டத்துக்குள் நிறுத்துவார். இதற்குத் தொடுமுறை என்று பெயர். எதிராளி உடம்பைக் கம்பால் தொட்டால் புள்ளி. ஓங்கி அடிப்பது அல்ல, தொடுவது. அந்தக் காலத்தில் கம்பு நுனியில் சாயமோ கரியோ தடவி, உடம்பில் விழுந்த பொட்டை வைத்துக் கணக்குப் பார்ப்பார்களாம். இன்றைக்குத் தலைக்கவசம், மார்புக் கவசம், நடுவர், விசில்.

அதுவரை காற்றில் அழகாகச் சுற்றியவனுக்கு, எதிரே இன்னொரு கம்பு வந்ததும் எல்லாம் மறந்துபோகும். கண் மூடிக்கொள்ளும். கம்பு இறுகிவிடும். முதல் தொடு விலாவில் "பட்"டென்று விழும். வட்டத்துக்கு வெளியிலிருந்து அந்த ஐந்தாம் வகுப்புப் பாப்பா கத்தும்: "அண்ணா, கால்! கால்!"

அப்போது கால் தானாக அரை அடி பின்னால் போகும். அடுத்த வீச்சு காற்றோடு போய்விடும். அந்த ஒரு நொடிக்குப் பிறகு அந்தப் பையனை வகுப்பைவிட்டு விரட்ட யாராலும் முடியாது.

வகுப்பு முடிந்து, மண் ஒட்டிய காலோடு பஸ் நிலையத்துக்கு ஓட்டம். ஐந்தடிக் கம்போடு கூட்டமான டவுன் பஸ்ஸில் ஏறுவது தனிக் கலை. கம்பைச் செங்குத்தாகப் பிடித்தால் கூரை இடிக்கும். சாய்த்தால் உட்கார்ந்திருக்கிற பெரியவர் மண்டை இடிக்கும்.

"இன்னாப்பா இது, லக்கேஜா?" என்பார் கண்டக்டர்.

"இல்லண்ணா, சிலம்பம்."

"அப்ப டிரைவர் பின்னால கம்பியோட சேத்துப் புடிச்சிக்கினு நில்லு. யார் மேலயும் படாம பாத்துக்க."